கணீரென்ற குரல்

பூங்கோதையின் கணவர் சென்னியப்பன் இறந்ததிலிருந்து, நான்கு வருடங்களாக, அலமாரியிலிருந்த எஸ்.எஸ்.டி. என்ற கணினிச் சேமிப்பு டிரைவில் குடியிருந்தார். கடைசி வாரத்தில் மருத்துவமனையில் அவர் மனதை அப்படியே நகலெடுத்து, ஒரே ஃபைலாகச் சுருக்கிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பிரித்து டிரைவில் எழுதியதும் பேச ஆரம்பித்தவர், அவளோடு தினமும் பேசிப் பேசியே பழைய பிடிவாதம் தளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இளகினார்.

போன செவ்வாய்க்கிழமை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவராகவே சொன்னார்: "உங்கப்பா சாகக் கெடந்தப்ப உன்னைப் போக விடாம தடுத்தது என் தப்பு புள்ள. மன்னிச்சிரு."

முப்பது வருடம் அவள் காத்திருந்த வார்த்தை. ஆனால் டிரைவில் ஏதோ கோளாறு, குரல் திக்கித் திக்கி வந்தது. முதலில் குரலைச் சரிசெய்வோம், பிறகு சாவகாசமாக இன்னொரு முறை கேட்டு அழுதுகொள்ளலாம் என்று நினைத்தாள். நான்கு வருடத்துக்கு முன் மருத்துவமனை கொடுத்த அதே பழைய ஃபைலை மறுபடி பிரித்து, அதே டிரைவில் எழுதப் போனாள். 'இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், சரியா?' என்று திரை கேட்டது. எல்லாத் திரையிலும் அழுத்துவதுபோல, படிக்காமலேயே 'சரி'யை அழுத்தினாள்.

மூன்று மணி நேரத்தில் எழுதி முடிந்தது.

"ஏனுங்க, எங்கப்பாவைப் பத்தி அன்னைக்குச் சொன்னீங்களே, அதை இன்னொருக்கா சொல்லுங்க."

"அந்தாளு பேச்சை இந்த வீட்டுல எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

குரல் கணீரென்று இருந்தது. ஒரு திக்கல்கூட இல்லை.