தூக்கு நாளில் லட்டு

குளச்சலைத் தாண்டிய எங்கள் கடற்கரை ஊரில், மாதா கோயிலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் டிவி அலறுகிறது. எங்கோ வடக்கே ஒருவனை விடியற்காலையில் தூக்கில் போட்டுவிட்டார்களாம். கடைக்கார ஜஸ்டஸ் அண்ணன் தட்டு நிறைய லட்டு நீட்டுகிறார். காலை வெயிலில் அதன் நெய் மினுங்குகிறது. திருவிதாங்கூராக இருந்தபோது இந்த மண்ணில் மரண தண்டனையை நிறுத்தியிருந்தார்கள். இந்தியாவோடு சேர்ந்த பிறகுதான் அது திரும்பி வந்தது. இதை யாரிடம் சொல்ல? வாயெல்லாம் லட்டு. அப்போது கோயிலில் துக்க மணி விழுகிறது. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. பழக்கதோஷத்தில், லட்டு பிடித்த கைகளே நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சிலுவை போடுகின்றன. சட்டைகளில் பூந்தி உதிர்கிறது. "ஆருக்கு மக்கா?" என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் மணிக்கூண்டுக்கு ஓடுகிறார்கள். நானும் ஓடுகிறேன். அங்கே பிரகாசியக்கா, மீன் செதில் ஒட்டிய இரண்டு கைகளாலும் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள். அவள் மகனுக்கும் தூக்குத்தான் தீர்ப்பு. கருணை மனு டெல்லியில் கிடக்கிறது. "நம்ம ஊர்ல ஆரும் சாவலியே, பிரகாசி?" என்கிறார் ஜஸ்டஸ் அண்ணன். "டிவியில காட்டுதானுவல்லா, அவனுக்கு." மணியடிக்கும் வியாகுலம் பாய்ந்து வருகிறார். "கொலைகாரனுக்கு மணியா? வெக்கமில்லியா ஒனக்கு?" "அப்போ நாளைக்கு எம்பிள்ளைக்கும் அடிக்க மாட்டியளா?" வியாகுலம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை வாங்கி, அவளுக்கு எட்டாத கொக்கியில் சுற்றிக் கட்டுகிறார்.