பூந்தமல்லியில் காத்திருந்தவள்

மைக் கேட்டுக் கை தூக்கியவரைச் சபீனாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

அம்பத்தூர் மாலின் சின்ன அரங்கில் படம் முடிந்து அப்போதுதான் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். சர்வதேசத் திரைப்பட விழாவின் பால்புதுமையினருக்கான 'குயர்' பிரிவில் சிறந்த படம் அவள் இயக்கியது என்று முந்தின நாள் அறிவிப்பு வந்திருந்தது. அதனால் பகல் காட்சிக்கே நல்ல கூட்டம்.

மைக் கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைக்குப் போனது. அவர் எழுந்து நின்றார். அரைக்கைச் சட்டை. முழங்கையில் ஹெல்மெட் தொங்கியது.

கஜபதி. சௌம்யாவின் அப்பா. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டில் சபீனா எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறாள். அப்போது அவர்களுக்கு அவள் மகளின் வெறும் காலேஜ் தோழி.

படம் சௌம்யாவைப் பற்றியதுதான். பெயரை மட்டும் மாற்றியிருந்தாள்.

இரண்டு பெண்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு முற்றியதும், பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்து வாழ்வது என்று முடிவு செய்கிறார்கள். ஒருத்தி பையோடு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள். மற்றவள் தன் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.

நிற்பவள் நின்றுகொண்டே இருக்கிறாள். வெயில் இறங்குகிறது. தெருவிளக்குகள் எரிகின்றன. வசனமே இல்லாத அந்தக் கடைசிக் காட்சியைத்தான் நடுவர்கள் தனியாகப் பாராட்டியிருந்தார்கள்.

பிறகு திரை இருண்டு ஒரே ஒரு வார்த்தை வரும். 'சௌம்யாவுக்கு.'

கல்யாணமான இரண்டாம் வருஷம் கோயம்புத்தூரில் டெங்கு வந்து சௌம்யா போய்விட்டாள். அந்தச் செய்திகூட சபீனாவுக்கு யார் யாரோ சொல்லி, மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

"படம் நல்லா கீதும்மா," என்றார் கஜபதி. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்ததில் அவர் மூச்சும் சேர்ந்து கேட்டது. "ஒண்ணு மட்டும் தப்பு. தாப்பா உள்ள இல்ல. வெளிய போட்டிருந்துச்சு."

சிலர் சிரித்தார்கள். எதிலும் குறை கண்டுபிடிக்கிற பெரியவர் என்று நினைத்திருக்கலாம். நிகழ்ச்சியை நடத்தியவர் நன்றி சொல்லி மைக்கை வேறு பக்கம் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த கேள்வி ஒளிப்பதிவைப் பற்றி. சபீனா ஏதோ பதில் சொன்னாள்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து சௌம்யாவுக்குப் போன் செய்தபோது எடுத்தது அவள் அம்மா. அவளே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், வரமாட்டாளாம், நீ கிளம்பு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சபீனா அதை நம்பினாள். இத்தனை வருஷமும் நம்பினாள். அதன் மேல்தான் படத்தையே கட்டியிருந்தாள்.

கைதட்டலும் போட்டோக்களும் முடிந்து அவள் கீழே ஓடி வந்தபோது, பார்க்கிங்கில் அவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். அவளுக்காகத்தான் நின்றிருந்தார்.

"அங்கிள்."

"நான்தாம்மா போட்டேன்," என்றார். "அவ அம்மாவ ஒண்ணும் நெனச்சிக்காத. நான் சொல்லச் சொன்னதத்தான் அவ சொன்னா. பேப்பர்ல உன் போட்டோ பார்த்தேன், கதையும் போட்டிருந்தான். எம்பொண்ணு பயந்துகினு ஊட்டுக்குள்ள உக்காந்துட்டான்னு ஊரே பார்க்குமேன்னு மனசு கேக்கல. அவ அப்படி இல்லம்மா. கதவ இடிச்சிகினே இருந்தா. கையெல்லாம் வீங்கிப்போச்சு."

சபீனா பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டாள். சௌம்யாவின் மேல் அவள் வைத்திருந்த கோபம் பெரியது. செத்துப்போனாள் என்று தெரிந்த பிறகும் அது முழுசாகத் தணிந்திருக்கவில்லை. இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கஜபதி ஹெல்மெட்டைப் போடப் போனவர், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அப்புறம் சத்தமே இல்ல. எனக்குப் பயமாயிடுச்சு. தெறந்துட்டேன். அவ மூஞ்சியப் பார்த்ததும் இன்னா தோணுச்சோ, நானே வண்டில உக்கார வெச்சி பூந்தமல்லிக்குக் கூட்டிகினு வந்தேன். வரதுக்குள்ள லைட்டெல்லாம் போட்டுட்டாங்க. பஸ் ஸ்டாண்டு பூரா தேடினோம். நின்னுகினு இருந்த ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எறங்கினா. உன் நம்பருக்கு அடிச்சா ஸ்விட்ச் ஆஃபுன்னு வந்துச்சு."

ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் கல்யாணத்துக்கு அவ ஒண்ணுமே சொல்லல. சரின்னுட்டா."



சௌம்யாவின் அம்மா பேசிய அந்தப் போனை வைத்த கையோடு, மத்தியானமே, சபீனா பெங்களூர் பஸ்ஸில் ஏறியிருந்தாள். பஸ் நசரத்பேட்டையைத் தாண்டும்போது சிம்மைக் கழற்றி ஜன்னல் வழியே எறிந்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. படத்தில் அது இல்லை.

"இத்தினி வருசம், நீ கெளம்பிப் போயிருப்பேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்," என்றார் கஜபதி. "இன்னைக்குத்தான் படத்துல பார்க்கறேன், லைட்டு போட்டப்புறமும் நீ அங்கயே நின்னிருக்கே."

ஹெல்மெட்டை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பக்கம்மா நின்னுகினு இருந்தே? நாங்கதான் சரியாப் பார்க்கலியா?"