சிக்னலில் அணைந்த ஸ்போர்ட்ஸ் கார்

“ஏசி போட்டா சிக்னல்ல வண்டி அணைஞ்சிடுது சார். மாமியார் முகத்தைப் பார்க்க முடியல,” என்றார் மருமகன். மாமியார் முன் சீட்டில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் சிரித்தபடி லேப்டாப்பை இணைத்து, வண்டி நிற்கும்போது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கூட்டினார். தடுமாறிய ஸ்போர்ட்ஸ் கார் சீராக உறுமியது. ஏசி போட்டும் அணையவில்லை. பிறகு இன்ஜினை நிறுத்தி, அதன் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“வேகம் கூட்ட, பந்தயக் கார்ல போடுற கேம்ஷாஃப்ட்டை உள்ள மாத்தியிருக்கு. இவ்வளவு சுத்தமான கைவேலையை நான் பார்த்ததே இல்ல. எந்த ஒர்க்‌ஷாப்?”

“எங்க வீட்டு ஷெட்தான்.”

“நீங்களா செஞ்சீங்க?”

“எனக்கு டயர் மாத்தவே வராது சார்.”

கார் கதவு திறந்தது.

“இன்ஜின் வேலை எனக்கு வரும் தம்பி. லேப்டாப்தான் வராது,” என்றபடி மாமியார் இறங்கினார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

“அம்மா, பின்னால என் கார் நிக்குது. ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா?”