நனையாத தொப்பி

கோடை முகாமின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க தூண்டில் போட்டி தொடங்கிவிட்டதாக முகாம் தலைவர் பசுபதி ஒலிபெருக்கியில் முழங்கினார். ரெஜினா மீனுக்காக வரவில்லை. போன கோடையில் முகாமுக்கு வந்து இதே ஆற்று மடுவில் குளிக்க இறங்கிய அவள் அண்ணன் இன்னும் கரையேறவில்லை. ஆற்றில் அவள் தூண்டிலின் தக்கை விட்டு விட்டு மூன்று முறை அமிழ்ந்தது. எந்த மீனும் அப்படிக் கடிக்காது; அண்ணன்தான் கதவை அப்படித் தட்டுவான். தூண்டிலை இழுத்தாள். முள்ளில் முகாம் தொப்பி வந்தது. உள்ளே அவளே நூலால் தைத்துக்கொடுத்த அண்ணன் பெயர். தொப்பியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“சார், இது எங்கண்ணனோட தொப்பி சார்!”

பசுபதி ஓடிவந்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகாம் முடிந்ததும் தொப்பிகளைத் திரும்ப ஒப்படைப்பது அங்கே விதி.

“அப்பாடா! போன வருஷ முகாம்ல நமக்குக் குறைஞ்சது இது ஒண்ணுதாம்மா” என்றார்.