பென்சில் கோட்டுக்கு வெளியே

கொட்டகைத் தகரத்தின் ஓட்டை வழியே மதிய வெயில் இறங்கி, பாதி கட்டிய வண்டியின் முதுகில் விழுகிறது. காருக்குப் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துப் போக, நீர்த்துளியைக் கிடத்தியது போன்ற குட்டி வண்டி. உள்ளே படுக்க மட்டும்தான் இடம். எலக்ட்ரீஷியன் இதை ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுகிறார். இன்று மெத்தை ஒட்டத் தரைப்பலகையைத் துடைக்கும்போது பழைய பென்சில் கோடுகள் தெரிகின்றன. முதல் நாள் மூவரும் படுத்து, உடம்பைச் சுற்றி வரைந்து எடுத்த அளவு: இந்த ஓரம் அவர், அந்த ஓரம் மனைவி, நடுவில் கோழிக்குஞ்சு போல மகள். அவள் காலுக்குக் கீழே மிஞ்சிய பலகையை வெட்டி, அங்கேதான் கதவு வைத்திருக்கிறார். ஊர் வீடுகளுக்கெல்லாம் அளந்து வயர் இழுப்பவர், பிள்ளை வளரும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். “இன்னொரு தடவ படுத்துப் பாரேன்மா.” மகள் சிரித்துக்கொண்டே நுழைந்து படுக்கிறாள். கோட்டின் பாதம் அவளுடைய முழங்காலோடு நின்றுவிடுகிறது. நீண்ட கால்கள் கதவுக்கு வெளியே வெயிலில் கிடக்கின்றன. “ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு மாசம் யோசிச்சா, புள்ள வளராம என்ன பண்ணும்?” திறந்த பசை டப்பாவோடு நிற்கும் மனைவி கேட்கிறாள். மகள் தலைக்கு மேலிருக்கும் வட்ட ஜன்னலைப் பார்க்கிறாள். “இதுல நட்சத்திரம் தெரியும்ல?” “தெரியும்மா.” “அப்ப நீங்களும் அம்மாவும் போய்ப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்கப்பா.” அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, மண்டியிட்டு, அவளைச் சுற்றிப் புதிதாக வரையத் தொடங்குகிறார். பலகை முடிந்ததும் பென்சில் அந்தரத்தில் நிற்கிறது. மனைவி பசை டப்பாவை மறுபடி இறுக்கி மூடுகிறாள்.