ஒத்தை விரல் கியர்

“அண்ணே, அந்தக் கம்பெனி வண்டியில கியர் போட ஒத்தை விரல் போதும். வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு விழும்.”

டீ கிளாஸைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் புளுகினான் பொடியன். எதிரே டீயை ஊதிக்கொண்டிருந்த நெட்டையண்ணன், “அப்படியா?” என்றார்.

“என் மச்சான் அங்கதானே ஓட்டுறான். ஒரு ஆளுக்கு இடம் காலியா இருக்காம். ஆனா சட்டுனு போகணும். தள்ளிப்போட்டா வேற எவனாவது ஏறி உக்காந்துடுவான்.”

லாரி ஷெட்டில் ஆளுக்கொரு பட்டப்பெயர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர் என்பதால் அவர் நெட்டையண்ணன். சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்தால்தான் பெடல் எட்டும் என்பதால் இவன் பொடியன்.

இவனுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஷெட்டுக்குப் புது லாரி வரப்போகிறது. புது வண்டி மூத்த டிரைவருக்குத்தான் என்பது அங்கே எழுதாத சட்டம். மூத்தவர் நெட்டையண்ணன், அடுத்தவன் பொடியன். அவர் ஒருத்தர் நகர்ந்துவிட்டால் சாவி இவன் கைக்கு வந்துவிடும்.

பேராசை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தன் கிழட்டு வண்டியின் கியரோடு மல்லுக்கட்டியே அவன் தோள்பட்டை வீணாகிப்போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் அதையே ஓட்டினால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஷெட்டில் இதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. தெரிந்தால் முதலாளி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ராத்திரி தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

“ஏங்க, எங்கண்ணன் அந்தக் கம்பெனியை விட்டு ஓடி வந்ததே அந்த வண்டிங்களுக்குப் பயந்துதானே? ரெண்டு கையால இழுத்தாலும் கியர் விழலைன்னு அழுதானே.”

“அது உங்கண்ணனுக்கு. நெட்டையண்ணனுக்கு இரும்பு உடம்பு.”

“பாவம்ங்க அந்த மனுஷன்.”

“நீ தைலத்தைத் தேய்.”

மறுநாளும் டீ, அதற்கு மறுநாளும் டீ. பொடியன் அந்தக் கம்பெனியை வானளாவப் புகழ்ந்தான். நெட்டையண்ணன் எல்லாவற்றுக்கும் “அப்படியா?” என்றார். டீயை மட்டும் சொட்டு விடாமல் குடித்தார். ஆள் அசைகிற வழியாய் இல்லை.

புது லாரி வந்தேவிட்டது. முதலாளி சாவியை நீட்ட, நெட்டையண்ணன் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார்.

“என் டீயைக் குடிச்சுட்டு என் வண்டியிலயே ஏறிட்டாரே” என்று வீட்டில் புலம்பினான் பொடியன்.

“அது எப்ப உங்க வண்டி ஆச்சு?” என்றாள் மனைவி.

ஒரு வாரம் நெட்டையண்ணனுக்கு ராஜ வாழ்க்கைதான். மலைப்பாதை லோடாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏற்றத்தில் புது வண்டி உறுமும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொடியனுக்கு வயிறு எரிந்தது. இந்த வயசில் என்ன ஆசை என்று பல்லைக் கடித்தான்.

அடுத்த வாரம் ஷெட்டுக்குள் நுழைந்ததுமே முதலாளி கூப்பிட்டார்.

“நெட்டை வேலையை விட்டுட்டு அந்தக் கம்பெனிக்குப் போயிட்டான். இந்தா சாவி, இனி நீதான் புது வண்டிக்கு.”

பொடியனுக்குத் தலைகால் புரியவில்லை. புளுகு கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். துள்ளி ஏறினான். சீட்டை முன்னால் இழுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சீட் ஏற்கெனவே முழுக்க முன்னால்தான் இருந்தது. பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும் அவன் உயரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. முதுகுக்கு ஒரு புதுத் தலையணை. நெட்டையண்ணன் இதில் இப்படி உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும்.

கியரைத் தொட்டான். தோள் நோகாமல் விழுந்தது.

போன் அடித்தது. நெட்டையண்ணன்தான்.

“என்னடா, கியர் இளகியிருக்கா? புது வண்டி முதல்ல இறுக்கமாத்தான் இருக்கும், உன் தோளுக்கு ஆகாது. அதான் மலையில ஏத்தி இறக்கிப் பழக்கிக் கொடுத்துட்டு வந்தேன்.”

“என் தோளா? உங்களுக்கு யாருண்ணே சொன்னா?”

“டீ கிளாஸை நீ கை மாத்திப் பிடிச்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. புது வண்டியை உனக்குக் கொடுங்கன்னு முதலாளிகிட்ட கேட்டுப் பார்த்தேன். மூத்தவன் நான் இருக்கிற வரைக்கும் அடுத்தவன் தொடக் கூடாதுன்னுட்டார். சரி, நான் கிளம்பிட்டா ஆச்சுன்னு கிளம்பிட்டேன். எனக்கு ரெண்டு தோளும் நல்லாத்தானே இருக்கு.”

பொடியன் கியரிலிருந்து கையை எடுத்தான். வெட்கத்தில் முகம் சுட்டது.

“அண்ணே... அந்தக் கம்பெனி வண்டி...”

மறுபக்கம் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. எதையோ இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிற மூச்சு.

“அதைக் கேட்கத்தான்டா கூப்பிட்டேன். ஒத்தை விரல்ல விழும்னியே, எந்த விரல்?”