ஒண்டியாத்தானே போறீங்க?

கடைசி நட்டை இறுக்கிவிட்டு சௌந்தர்யா எழுந்தபோது, மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் நாலு புது டயர்களில் கெத்தாக உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொன்றும் பழைய டயரைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல்.

"சும்மா புலியாட்டம் நிக்குது பாரு!" என்று பானெட்டைத் தட்டினான் கார்முகில். ஒர்க்‌ஷாப் போர்டில் இருப்பது அவன் பெயர். வேலை முழுக்க மனைவி சௌந்தர்யா கையில்.

"புலிக்குப் பல்லு கட்டிவுட்டது யாரு?"

"நீதான் தாயே."

அகல டயரில் ஒரு வில்லங்கம் உண்டு. மட்கார்டின் உள்விளிம்பு கத்தி மாதிரி கீழே நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் ஏறிக் கார் தணிந்தால் டயரில் உரசும். வேகத்தில் உரசினால் கரும்புத் தோலைச் சீவுகிற மாதிரி சீவிவிடும். அப்புறம் காரும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது.

அதனால் விளிம்பைச் சூடுகாட்டி உள்ளே மடக்கிவிட வேண்டும். அதற்கென்றே செராமிக் கம்பெனியில் கழித்துப்போட்ட பீங்கான் உருளை ஒன்றை வைத்திருக்கிறாள் சௌந்தர்யா. அதை வைத்து அழுத்தித் தேய்த்து மடக்கினால் பெயின்ட்டில் கீறல் விழாது.

டிரைவர் பக்கத்து விளிம்பை மடக்கியாயிற்று.

இடது பக்கத்தை அவள் தொடவே இல்லை.

காலையில் மீட்டர் கண்ணாடியைத் துடைக்கப் போனபோதுதான் அதைப் பார்த்தாள்.

கார்முகிலுக்கு இன்ஜின் சத்தம் பிடிபடாது. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது கியர் மாற்றுவது என்பதை அவள்தான் காதால் கேட்டு முடிவு செய்வாள். ஆறாயிரம். அதற்கு மேல் முறுக்கக் கூடாது. அவன் மறக்காமல் இருக்க, தன் நெற்றியிலிருந்த மெரூன் பொட்டையே எடுத்து, ஆறாயிரத்துக்கு நேராக மீட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள்.

இன்றைக்கு ஏழாயிரத்துக்கு நேராக இன்னொரு பொட்டு.

கடுகளவு. பச்சைக் கல் வைத்தது.

சௌந்தர்யா ஜென்மத்தில் கல் பொட்டு வைத்ததில்லை.

எவளோ இடது சீட்டில் உட்கார்ந்து, எட்டிக் கை நீட்டி, 'இன்னும் மிதி' என்று ஒட்டியிருக்கிறாள்.

காரில் இருப்பதே இரண்டு சீட்டுதான். அவன் மட்டும் போனால் இடது பக்கம் தணியாது. உயிருக்கு ஆபத்தில்லை. அந்தச் சீட்டில் இன்னொருத்தி ஏறினால்?

உருளையைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"என்னாங்க, பாண்டிக்கு ஒண்டியாத்தானே போறீங்க?"

"ஒண்டியாத்தான். வேற யாரு வரப்போறா?"

"கூட யாரையும் ஏத்தலியே?"

"டயரு ட்ரையல் பாக்கறதுக்கு ஊர்கோலமாவா போவாங்க? என்னாடி நீ!"

"நெசமாத்தானே?"

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு அவள் தலையில் கை வைத்தான். "உன் மேல சத்தியம். போயிட்டு வரேன்."

"சரி, போங்க."

கார் சீறிக்கொண்டு கிளம்பியது. வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். முதல் கியர். இரண்டாவது. செராமிக் கம்பெனி மதில் முடிகிற திருப்பத்தில் சத்தம் தணிந்தது.

நின்றுவிட்டது.

ஒரு கதவு திறக்கும் ஓசை. ஏறப்போகிறாள். சௌந்தர்யா போனை எடுத்தாள். ஒரே ஒரு கால் போதும், தடுத்துவிடலாம்.

போனை அணைத்துப் பனியன் துணி மூட்டைமேல் போட்டாள்.

கதவு மூடும் ஓசை வெகுநேரம் கேட்கவில்லை. கேட்டபோது, கூடவே ரிவர்ஸ் கியரின் முனகல்.

பின்னோக்கி வந்த கார் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. கார்முகில் இறங்கிச் சுற்றி வந்து இடது கதவைத் திறந்தான். சீட்டில் யாரும் இல்லை.

"ஏறு. புது டயரு, மொதல்ல வூட்டுக்காரி உக்காரணும். கொளஞ்சியப்பர் கோயிலு வரைக்கும் ஒரு ரவுண்டு."

"வேல கெடக்குதுங்க..."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னைய 'போயிட்டு வாங்க'ன்னுதான் அனுப்புவ. இன்னிக்கு வெறும் 'போங்க'. அது என்னமோ நெருடிச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கதவைப் பிடித்திருந்த கையை அப்போதுதான் கவனித்தாள். நடுவிரலில் நீளமாக வெட்டு. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. இடது பக்கத்து விளிம்பைத் தடவிப் பார்த்திருக்கிறான்.

'இந்தப் பக்கம் மடக்கலீங்க' என்று அவள் சொல்லியிருக்கலாம்.

சொன்னால், கொல்லத் துணிந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி. முதலில் அவன் ஒப்புக்கொள்ளட்டும்.

ஏறி உட்கார்ந்தாள். அவனே குனிந்து பெல்ட்டை மாட்டிவிட்டான். அவள் துப்பட்டாவில் சிவப்பாக ஈரம் பட்டது.

பைபாஸ் ஏறியதும் கார் பறந்தது. நாலாயிரம். ஐயாயிரம். அவள் முதுகுக்குப் பின்னால் 'சர்ர்ர்' என்று மெல்லிய சத்தம். கூடவே ரப்பர் தீய்கிற வாடை.

"ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்றான்.

"இல்லீங்களே" என்றாள்.

முள் அவளுடைய மெரூன் பொட்டைத் தொட்டது. ஆறாயிரம்.

அவன் கியரை மாற்றவில்லை.